கருத்துக்கணிப்பா, கருத்தளவையா?

அன்புடையீர், வணக்கம்.

கல்விக் கொள்கை பற்றி மக்கள் எண்ணுவதை வினாநிரல் கொண்டு திரட்டும் பணிக்குக் ‘கருத்துக்கணிப்பு’ என்பதே போதும் என்று முந்தைய மடலில் நண்பர் எழுதியிருந்தார். அச்சொல் நன்கு வேரூன்றியதுதான். ஆனால் தேர்தல் செய்திகளின் வழியே வேரூன்றியதால், நடக்கவிருப்பதன் முடிவை முன்கூட்டிச் சொல்வது என்னும் பொருள் அதில் ஊறிவிட்டது. அமெரிக்காவில் 1969இல் தொடங்கி, பின்னர் ஃபை டெல்டா கப்பா என்னும் கல்வியாளர் அமைப்பும் கேலப் என்னும் கருத்துத்திரட்டு நிறுவனமும் நடத்திய பள்ளிக்கல்வி ஆய்வில், மாணவருக்கு இடுவதுபோல் பள்ளிகளுக்கும் தரக்குறியீடு இடுமாறு மக்களிடம் கேட்டார்கள். தம் பகுதிப் பள்ளிகளுக்குத் தாராளமாகவும், நாட்டின் பள்ளிகளுக்குப் பொதுவில் கறாராகவும் தரமிடுவது மக்களின் வழக்கமாக இருந்து வந்தது. இதில் அளப்பதற்கு நிறைய உண்டு, கணிப்பதற்கு ஒன்றுமில்லை.

‘கருத்துக்கேட்பு’ முற்றிலும் வேறு. கொள்கை வரைவை வெளியிட்டு, விரும்பியவர் எழுதலாம் என்று அரசு அழைப்பது அது. எழுதுவோர் தாமாக முன்வந்தவர்கள் என்பதால், மடல்கள் எத்தனை குவிந்தாலும் அவை மொத்த மக்களைப் பிரதிபலிக்கும் மாதிரி ஆகா. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்குச் சான்றாக, 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மறுமொழிகளைப் பெற்றும், அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொல்லி ஏமாந்தது; அவரே வென்றார். (அது மெய்யாகவே கணிப்பு, ஆகவே அந்தச் சொல்லை அதனிடமே விட்டுவிடலாம்.)

‘கருத்தாய்வு’ எனக்கும் பிடித்ததே. எனினும் ஒரு நூலின் கருத்துகளை ஆராய்வதையும் அப்படியே அழைக்கிறோம் என்பதால், கல்விக் கொள்கைக் கருத்தாய்வு என்றால் ஆராயப்படுவது கொள்கையின் கருத்தா, மக்களின் கருத்தா என்பது விளங்காது.

எனவே நான் முன்வைப்பது ‘கருத்தளவை’. நில அளவை என்று சர்வேக்கு நெடுங்காலமாகவே சொல்லி வருகிறோம். அளவை என்பது தருக்க நூல்களில் பிரமாணத்தை, அதாவது உண்மையை அறியும் வழியை, குறிக்குமே என்ற தடை எழலாம், ஆனால் முன்னொட்டாகக் ‘கருத்து’ நிற்கையில் அந்தக் குழப்பம் நேராது. கருத்தளவையாளர், கருத்தளவைப் படிவம் என்று கிளைச்சொற்களும் இயல்பாக அமைகின்றன. வினைக்கு ‘அளவையிடு’ என்பது செயற்கையாக ஒலிப்பதால், ‘கருத்தளவை எடுத்தார்கள்’ என்றே எழுதலாம்.