பத்துப் பெட்டி கேட்டால் ஏழுதான் வருகிறது (ஸ்பார்க், கிணற்று டேட்டா)

மேல்விஷாரத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை பக்கம் பாலாற்றங்கரைக் கிணறுகளில் இறக்கிய சென்சார் டேட்டா, 40 லட்சம் வரி (ஒரு வரி என்றால் ஒரு பதிவு). இரண்டே அளவுகள்: கிணற்றில் நிற்கும் தண்ணீரின் உயரம், டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு). என் மாடலுக்கு இரண்டையும் வகைகளாக, அதாவது எண் வரம்புள்ள பெட்டிகளாக, மாற்ற வேண்டும். சம அகலமாக வெட்டினால், டேனரி (தோல் பதனிடும் ஆலை) பக்கத்துக் கிணறு ஒன்றின் டி.டி.எஸ். 18,000 மற்ற எல்லாவற்றையும் முதல் பெட்டிக்குள் நசுக்கிவிடுகிறது. சரி என்று, பல மெஷின்களில் டேட்டாவைப் பகிர்ந்து கணக்கிடும் ஸ்பார்க் மென்பொருளின் குவான்டைல் டிஸ்கிரிடைசருக்கு (ஒவ்வொரு பெட்டியிலும் ஏறத்தாழ சம எண்ணிக்கை வரிகள் விழும்படி எல்லை வைக்கும் கருவி) வந்தேன். உயரத்துக்குப் பத்துப் பெட்டி கேட்டேன், ஏழில்தான் வரிகள் விழுகின்றன. லேப்டாப்பில் வரும் எல்லையும் மூன்று மெஷினில் வரும் எல்லையும் வேறு. ஏன்?

கோட்டைவாசல்:
கோடையில் உங்கள் கிணறுகள் வற்றுமே, அப்போது சென்சார் 0 காட்டுகிறதா? எத்தனை வரி?

மேல்விஷாரத்தான்:
ஆமாம் அண்ணே, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 0.

கோட்டைவாசல்:
அதுதான் விஷயம் தம்பி. பத்துப் பெட்டிக்கு உள்ளே 9 எல்லைகள் வேண்டும். உங்களுடையதில் முதல் மூன்று எல்லையும் 0. ஒரே எண் மூன்று முறை வந்தால் ஸ்பார்க் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். மிச்சம் 7 எல்லை, அதாவது 8 பெட்டி. ஆனால் பெட்டிகள் இடது எல்லையைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும். அதனால் 0 எல்லாம் இரண்டாவது பெட்டிக்குப் போய்விடும். 0-க்குக் கீழே உள்ள முதல் பெட்டி காலி. உங்கள் கண்ணுக்கு ஏழு.

வற்றிய கிணற்றின் 0-ஐ உயரமாகவே நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அதை என்ஏஎன் (எண் இல்லை என்ற குறி) ஆக்கி, தவறான மதிப்புகளை என்ன செய்வது என்ற அமைப்பில் 'கீப்' (வைத்துக்கொள்) என்று கொடுங்கள். எல்லை கணக்கிடும்போது அவை விலகி நிற்கும், அப்புறம் தனிப் பெட்டியில் போய் விழும்.

எல்லை மாறுவது பிழையில்லை. 40 லட்சத்தையும் வரிசைப்படுத்தச் செலவாகும் என்று, ஒவ்வொரு மெஷினும் தன் பங்கின் சுருக்கத்தை மட்டும் எடுத்துத் தருகிறது. அவற்றை ஒன்று சேர்த்துத்தான் எல்லை வருகிறது. கிரீன்வால்ட், கன்னா 2001-இல் தந்த முறை. இயல்பான பிழை அளவு 0.001. அது மதிப்பில் அல்ல, வரிசை இடத்தில்: உங்களுக்கு 4,000 இடம் வரை முன்பின் ஆகலாம். பிழை அளவை 0 வைத்தால் துல்லியம் கிடைக்கும், காத்திருக்கவும் வேண்டும். நானாக இருந்தால் பயிற்சி டேட்டாவில் ஒருமுறை எல்லை எடுத்து, சேமித்து, பக்கெட்டைசரில் (நாம் தரும் எல்லைப்படியே வெட்டும் ஸ்பார்க் கருவி) அதையே கொடுப்பேன்.

வாலாஜாக்காரி:
டி.டி.எஸ்.ஸுக்கு எதற்குக் குவான்டைல்? குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கெனவே எல்லை வைத்திருக்கிறதே, லிட்டருக்கு 500 மி.கி., வேறு நீர் இல்லாத இடத்தில் 2000. ஒன்று கவனியுங்கள்: சரியாக 500 என்று வந்த வரி அடுத்த பெட்டிக்குப் போய்விடும். முழு எண்தான் பதிவாகிறது என்றால் 501, 2001 என்று கொடுங்கள். எங்கள் தெரு போர்வெல்லில் ஒரு வாரம் விடாமல் 500 காட்டியது, அதில் பட்டு உணர்ந்தேன்.

உங்கள் மாடல் ஸ்பார்க்கின் முடிவு மரம் (கேள்வி கேள்வியாகக் கிளை பிரித்து முடிவுக்கு வரும் முறை) என்றால் இந்த வேலையே வேண்டாம். அதுவே உள்ளுக்குள் வெட்டிக்கொள்ளும், இயல்பாக 32 பெட்டி வரை.

மேல்விஷாரத்தான்:
மரம் இல்லை அக்கா, நேவ் பேய்ஸ் (நிகழ்தகவை வைத்து வகைப்படுத்தும் மாடல்). 0-ஐ எடுத்ததும் உயரத்துக்குப் பத்தும் வந்துவிட்டது. டி.டி.எஸ்.ஸில் பாதிக்கு மேல் 2001-ஐத் தாண்டுகிறது, எங்கள் தண்ணீர் அப்படி. அந்த மேல்பகுதியை மட்டும் குவான்டைலால் நாலாக வெட்டினேன்.