மேட் கிளேஸுக்கு என்ன சொல்?

நண்பர்களே, மட்பாண்டப் பயிற்சிக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. பாண்டத்தின் மேல் பூசி, சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் கிளேஸ் என்பதற்கு ‘மெருகு’ என்று முழுக்கப் போட்டுவிட்டேன். மேட் கிளேஸ் வந்ததும் மாட்டிக்கொண்டேன். மெருகு என்றாலே பளபளப்பு. ‘பளபளப்பில்லாத மெருகு’ இனிக்காத சர்க்கரை மாதிரி இருக்கிறது. சொல் தாருங்கள்.

---

மங்குபூச்சு. சின்னச் சொல், வேலை முடிந்தது.

---

எங்கே முடிந்தது ஐயா? மங்குபூச்சு வினைத்தொகை. மங்கிய, மங்குகின்ற, மங்கும் என்று முக்காலமும் காட்டும். நாளாக நாளாக மங்கிப்போகும் போல என்று வாங்குபவர் வைத்துவிட்டுப் போய்விடுவார். தவிர, மங்கு என்றால் சில ஊர்களில் பீங்கான். ஊறுகாய் போடும் மங்கு ஜாடி தெரியுமல்லவா? ‘மட்டுப்பூச்சு’ எனலாம். ஒளி மட்டுப்படுகிறது, ஓசையும் ‘மேட்’ என்பதற்குப் பக்கத்தில் நிற்கிறது.

---

சங்கப் பாடல்களில் மட்டு என்றால் கள். கள் பூசிய கிண்ணமா?

---

சூளைப் பக்கமிருந்து ஒரு வார்த்தை. புதுச்சேரியில் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுடும் கெட்டியான மட்பாண்டம், செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். எங்கள் வாயில் வருவது ‘மேட்’தான். 1280, 1300 டிகிரியில் பூச்சு முழுக்க உருகி, மெதுவாக ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் முளைத்து ஒளியைச் சிதறடிப்பதுதான் நல்ல மேட். டால்க், டோலமைட் போன்ற கனிமப் பொடிகள் சேர்ந்தால் தொடுவதற்கு வழவழவென்றே இருக்கும். அதே பூச்சைச் சட்டென்று ஆறவிட்டால் பளபளத்துவிடும். சூடு போதாமல் சரியாக உருகாததும் பார்வைக்கு மேட்தான், ஆனால் அது அரைவேக்காடு. எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு அதன்மேல் வைத்துப் பாருங்கள், நிறம் வெளிறினால் அதில் சோறு போடாதீர்கள். மங்கு, மட்டு இரண்டுமே ஏதோ குறைந்துபோனதாகச் சொல்கின்றன, நல்ல மேட்டையும் அரைவேக்காட்டையும் பிரிக்கவில்லை. ‘படிகமெருகு’ என்றால் என்ன?

---

துத்தநாகம் போட்டுப் பூப்பூவாகப் படிகம் விரியவைக்கிறார்களே, அந்தக் கிரிஸ்டலைன் கிளேஸுக்கு அப்புறம் என்ன வைப்பீர்கள்?

---

சரி, நான் மங்கு பக்கம்தான் சாய்கிறேன். ‘மங்கல்மெருகு’ என்று போடுகிறேன். தொழிற்பெயராக்கியதால் முக்காலப் பிரச்சினை இல்லை. முதலில் வருமிடத்தில் ‘மேட்’ கூடவே இருக்கும். அரைவேக்காட்டுக்கும் எலுமிச்சைக்கும் தனிக் கட்டம்.

---

புணர்ச்சிப்படி ‘மங்கன்மெருகு’ என்றுதான் வரும். கல்+மலை, கன்மலை.

---

மங்கன் யார் என்று பையன்கள் கேட்பார்கள் ஐயா. பிரித்தே அச்சிடுகிறேன்.

---

அப்படியானால் என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மட்டு நல்ல சொல்.