பட்டறைக்குள் சின்ன வெங்காயம் அழுகுகிறது, பிரிக்கலாமா?

கரிசல்காடு:
பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம். மார்கழிக் கடைசியில் ஒன்றரை ஏக்கரில் நட்ட சின்ன வெங்காயத்தைப் பங்குனியில் பிடுங்கினோம். அன்றைய விலை கூலிக்குக்கூடக் கட்டவில்லை. 3 டன்னை விற்றுவிட்டு, மீதி 5 டன்னை விலை வரும்வரை சேமிக்கக் குவித்துப் பட்டறை போட்டேன். அப்பா இருந்தவரை அவர்தான் போடுவார். நான் தனியாகப் போட்டது இதுதான் முதல் முறை. 10 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி உயரம். கோடை மழைக்குப் பயந்து தார்ப்பாயைத் தரை வரை இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

இன்றோடு 35 நாள். இரண்டு நாளாக நாற்றம். வெளிப்பக்கம் காய் நன்றாக இருக்கிறது. உள்ளே கையை விட்டால் சூடு தெரிகிறது. சில காயில் தோலுக்கு அடியில் கரித்தூள் போல் கறுப்பு, சிலவற்றில் தாள் (இலை) கிளம்பும் கழுத்தை அமுக்கினால் கொழகொழவென்று சாறு வருகிறது. ஐப்பசி நடவுக்கு விதையும் இதில்தான் எடுக்க வேண்டும். பிரித்தால் எல்லாம் கெட்டுவிடும் என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். மருந்து ஏதாவது தூவினால் நிற்குமா?

பருத்திமார்:
தம்பி, இன்றைக்கே பிரியுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்களை வைத்துக்கொண்டாவது பிரியுங்கள். உள்ளே சூடு ஏறிய பட்டறையை மூடி வைத்தால், நல்ல காயும் அந்தச் சூட்டிலேயே வெந்து போகும்.

மருந்து எதையும் தூவாதீர்கள். சமையலுக்குப் போகிற பொருள் அது. தார்ப்பாயை இப்போதே அவிழ்த்து மடித்து வையுங்கள். காயை மர நிழலிலோ கொட்டகையிலோ ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். வைகாசி வெயிலில் நேராகக் கொட்டினால் தோல் வெந்துவிடும். பிறகு ஒவ்வொரு காயையும் கட்டைவிரலால் கழுத்தில் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் தனியே வையுங்கள். லேசாக அமுங்கினால் இந்த வாரமே விற்றுவிடுங்கள். அழுகியதைக் காட்டை விட்டுத் தள்ளிக் குழி வெட்டிப் புதையுங்கள். வாய்க்காலில் கொட்டினால் அழுகல் பூசணம் மண்ணில் தங்கி அடுத்த வெள்ளாமையில் வேரைப் பிடிக்கும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். கடைசித் தண்ணீர் எப்போது விட்டீர்கள்? பிடுங்கி எத்தனை நாள் காய வைத்தீர்கள்?

கரிசல்காடு:
தார்ப்பாயை எடுத்துவிட்டேன் ஐயா, நாளைக் காலை ஆறு பேர் வருகிறார்கள். கரிசல் இறுகிக் கிடந்தது, பிடுங்க வராது என்று, பிடுங்குவதற்கு நான்கு நாள் முன்பு ஒரு தண்ணீர் விட்டேன். 50ஆம் நாளில் யூரியாவும் கொடுத்தேன். ஆள் கிடைத்ததால், பிடுங்கிய மறுநாளே தாளை அரிந்து பட்டறைக்கு ஏற்றிவிட்டோம்.

பருத்திமார்:
அங்கேதான் கெட்டிருக்கிறது. நீங்கள் பட்டறையைக் குறை சொல்வதற்கு முன்பே, காட்டிலேயே பாதிக் காய் போய்விட்டது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை. நானும் கூலி ஆள் நெருக்கடியில் இதே தவறைச் செய்து ஒரு வருடம் விதைக்கே கடன் வாங்கினேன்.

பிடுங்குவதற்கு 10, 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். தாள் தானாகச் சாய்ந்து, கழுத்து சுருங்கி, தோல் நிறம் ஏறும். கடைசித் தண்ணீரும் பிந்திய யூரியாவும் சேர்ந்தால் காய் பெரிதாகத் தெரியும், எடையும் வரும். ஆனால் கழுத்து தடித்துப் பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சைக் கழுத்தை அரிந்தால் அது மூடாத புண். நீங்கள் சொல்லும் கொழகொழப்பு அந்த வழியாக நுழைந்த பாக்டீரியா அழுகல். கறுப்புத் தூள் கரும்பூசணம், சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வெகுவேகமாகப் பரவும்.

மண் இறுகினால் களைக்கொத்தியால் நெம்பி எடுங்கள், கூலி கூடினாலும் பரவாயில்லை. பிடுங்கியதை வரிசையாகக் கிடத்தி, ஒரு வரிசைக் காயை அடுத்த வரிசைத் தாள் மூடும்படி மூன்று நான்கு நாள் காட்டிலேயே விடுங்கள். தாள் சருகானதும் ஓர் அங்குலம் விட்டு அரியுங்கள். ஒட்ட அரியக் கூடாது.

இனி பட்டறை. பிடுங்கிய பின்னும் காய் மூச்சு விடுகிறது, அதில் சூடும் ஈரமும் வருகின்றன. 6 அடி அகலத்தில் நடுக்காய்க்கு எந்தப் பக்கத்திலிருந்தும் காற்று 3 அடி கடந்து வர வேண்டும். வராது. அதே 5 டன்னை 4 அடி அகலம், 3 அடி உயரத்தில் போட்டால் நீளம் 25 அடி வரும். இடம் அதிகம்தான், ஆனால் காய் நிற்கும். கல் அடுக்கி அதன் மேல் மூங்கில் பரப்பித் தரையிலிருந்து ஓர் அடியாவது தூக்குங்கள். பக்கவாட்டில் பருத்திமார் (காய்ந்த பருத்திச் செடித் தண்டு) கட்டினாலே போதும். நீளம் வடக்கு தெற்காக இருந்தால் ஆடி மாதத்து மேல்காற்று (மேற்கிலிருந்து வருவது) அகலமாக உள்ளே நுழையும். மேலே தென்னங்கீற்று வேய்ந்து, மழை நேரத்தில் மட்டும் கூரைக்கு மேல் தார்ப்பாய் போடுங்கள். பக்கங்களை ஒருநாளும் மூடாதீர்கள்.

செம்மண்மேடு:
ஐயா சொல்வது அத்தனையும் சரி. தம்பி, இந்தப் பயத்தில் குளிர்பதனக் கிடங்குக்கு ஓடிவிட வேண்டாம். வெங்காயம் உறைநிலையை ஒட்டிய குளிரிலும் உறங்கும், 25 முதல் 30 டிகிரி வெப்பத்திலும் உறங்கும். இடைப்பட்ட 10, 15 டிகிரியில்தான் முளை கிளம்பும். உருளைக்கிழங்கோடும் பழத்தோடும் சேர்த்து அரைகுறைக் குளிரில் வைத்த மூட்டைகளை வெளியே எடுத்த ஒரே வாரத்தில் பச்சை முளையோடு நான் பார்த்திருக்கிறேன். நம் ஊர் வெப்பத்துக்குக் காற்றோட்டமான பட்டறையே போதும்.

நிரந்தரமாகக் கட்ட நினைத்தால் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். 25 டன் கிடங்குக்கு 1.75 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, அதில் பாதி 87,500 ரூபாய் மானியம் என்பது தேசியத் தோட்டக்கலைத் திட்டத்தில் பல ஆண்டுகளாக இருந்த கணக்கு. தொகை மாறும் என்பதால், பணி ஆணை கைக்கு வந்த பிறகே கட்டத் தொடங்குங்கள்.

கரிசல்காடு:
மூன்று நாளாயிற்று. பிரித்து முடித்தோம். கல் போன்ற காய் 3 டன்னுக்குச் சற்று மேல். லேசாக அமுங்கியது 800 கிலோ, நேற்றே கொடுத்துவிட்டேன், நல்ல விலை இல்லை. மீதி குழிக்குப் போனது. நடுவிலிருந்து எடுத்த கூடைகளைத் தூக்கும்போது அம்மா அழுதுவிட்டார்கள். அவர்களும் நானும் 70 நாள் களை எடுத்த காய் அது.

நல்லதை 4 அடி அகலத்தில் மாற்றிப் போட்டாகிவிட்டது. ஒன்றரை ஏக்கருக்கு விதை 1 டன் தேவைப்படும், அதை மட்டும் தனிப் பட்டறையில் வைத்திருக்கிறேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் ஐயா?

பருத்திமார்:
முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு 20 நாளுக்கு ஒருமுறை. மழை பெய்த மறுநாள் கணக்குப் பார்க்காமல் கையை நடுவில் விட்டுப் பாருங்கள். விதைப் பட்டறையில் நடுத்தரக் காயை மட்டும் வையுங்கள், தாள் முறுக்கிச் சுருளும் கோழிக்கால் நோய் கண்ட பாத்தியில் எடுத்தது ஒன்றுகூட வேண்டாம். அம்மாவிடம் சொல்லுங்கள், 3 டன் மிஞ்சியது பெரிய காரியம்.