கரடிய தடுக்க எந்த ரிவால்வர் சரிப்படும்? மலையடிவாரத்துல தோட்டம் வச்சிருக்கவங்க சொல்லுங்க

மலையடி_எலுமிச்சை:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு கடையம் பக்கம் மலையடிவாரத்துல எலுமிச்ச தோட்டம், கூட கொஞ்சம் மாவும் நெல்லியும் நிக்கி. மேக்க ரெண்டு வயல் தாண்டினா காடுதான், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பன்னி, மிளா மான் வாரதெல்லாம் பழகிப்போச்சு, ஆனா இந்த வருசம் மா பழுக்க ஆரம்பிச்சதுல இருந்து ஒரு கரடி விடாம வருது, ஈர மண்ணுல கால்தடம் கெடக்கு, வரப்போரத்து கரையான் புத்த அடியோட தோண்டிப் போட்டுருக்கு. ராத்திரி த்ரீ ஃபேஸ் கரண்டு வாரப்போ மோட்டார் போட நான் போணும், நான் ஊர்ல இல்லன்னா எங்க அப்பா போவாவ, அவியளுக்கு காது அவ்வளவா கேக்காது, அதான் பயமே.

2022 நவம்பர்ல சிவசைலம் பக்கம் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பைக்ல போன ஒருத்தர கரடி புடிச்சு, காப்பாத்த ஓடுன ரெண்டு பேரையும் கடிச்சு குதறிடுச்சு. அந்த வீடியோவ பாத்த நாள்ல இருந்து எங்க அம்மா தூங்கமாட்டேங்காவ.

எங்க மச்சான் அமெரிக்காவுல இருக்காரு. அங்க கரடி இருக்க காட்டுக்குள்ள போறவங்க நெறைய பேரு இடுப்புல ரிவால்வர் கட்டிக்கிட்டுதான் போவாங்களாம், பாயிண்ட் 44 மேக்னம்னு ஒண்ணு, 10 எம்எம் பிஸ்டல்னு ஒண்ணு, இந்த ரெண்டுல ஒண்ணு வாங்குன்னு சொல்லுதாரு. இதெல்லாம் நம்ம ஊர்ல கெடைக்குமா, லைசென்ஸ் தருவாங்களா, உயிருக்கு ஆபத்துன்னு சுட்டா கேஸ் ஆவுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, கிண்டல் பண்ண வேண்டாம், நெசமாவே கேக்கேன்.

பாளை_ஷூட்டர்:

தம்பி, நான் லைசென்ஸ் வச்சிருக்கேன், கிளப்புல சுட்டுப் பழகுதேன், துப்பாக்கியே வேண்டாம்னு சொல்லுத ஆள் இல்ல நான். அதனால நீங்க கேட்டதுக்கு நேராவே பதில் சொல்லுதேன்.

44 மேக்னத்த மறந்துருங்க. வெளிநாட்டு கைத்துப்பாக்கிய சாதாரண லைசென்ஸ்காரன் இறக்குமதி பண்ண முடியாது. 9 எம்எம், பாயிண்ட் 38, பாயிண்ட் 45 அளவு குண்டு போடுத துப்பாக்கி எல்லாம் போலீஸ், மிலிட்டரிக்குன்னு ஒதுக்குனது, அதுவும் நமக்கு கெடையாது. நம்ம கைக்கு எட்டுதது பெரும்பாலும் கான்பூர் ஃபேக்டரி பாயிண்ட் 32 ரிவால்வர் மாதிரிதான், ஆறு குண்டு போடலாம். அந்த குண்டு எடை 6 கிராம் சொச்சம், 44 மேக்னம் குண்டு 15 கிராம் சொச்சம், 44ஓட வேகமும் 32விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ரெண்டையும் சேத்து கணக்கு போட்டா 32ஓட அடி அதுல எட்டுல ஒரு பங்கு இருந்தா அதிகம். இது மனுசன பயமுறுத்த செஞ்ச சாமான். அடர்ந்த முடி, மொத்தத் தோலு, அதுக்குள்ள எலும்பு, இதெல்லாம் தாண்டி மூளையிலயோ முதுகுத்தண்டுலயோ பட்டாத்தான் ஓடி வார மிருகம் அந்த இடத்துல விழும். வேற எங்க பட்டாலும் அது செத்துப்போறதுக்கு முன்னால உங்கள முடிச்சிரும். இருட்டுல, கை நடுங்கும்போது, அந்த இடத்துல அடிக்க வருசக்கணக்கா சுட்டுப் பழகுனவங்களுக்கே கஷ்டம்.

லைசென்ஸ் விசயம் அதவிட பெருசு. கலெக்டர் ஆபீஸ்ல மனு, போலீஸ் விசாரணை, பயிற்சி சர்டிபிகேட்டு எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனா உங்க தோட்டம் முண்டந்துறை சரணாலயத்துல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ள வருது இல்லையா, வனவிலங்கு சட்டம் 1972, பிரிவு 34ன்படி அந்த எல்லைக்குள்ள புது லைசென்ஸ் கொடுக்கணும்னா தலைமை வன உயிரினக் காப்பாளர் முன்கூட்டியே சம்மதிக்கணும். ஏற்கனவே லைசென்ஸ் வச்சிருந்தாலும் அவங்ககிட்ட பேர பதியணும். சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட கால் வச்சா அதுக்கு தனியா பிரிவு 31 இருக்கு. இது தெரியாம நெறைய பேரு மனு போட்டுட்டு அலையுதாவ. எலெக்சன் வந்தா துப்பாக்கிய ஸ்டேசன்ல ஒப்படைக்கச் சொல்லிருவாங்க, அந்த சமயம் கரடி வராம இருக்குமா?

சுட்டா கேஸான்னு கேட்டிய. வனவிலங்கு சட்டத்துல கரடி முதல் அட்டவணை விலங்கு, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே. உங்க உயிரையோ இன்னொருத்தர் உயிரையோ காப்பாத்த நல்லெண்ணத்துல கொன்னா குத்தமில்லன்னு பிரிவு 11 சொல்லுது, அது உண்ம. ஆனா மாங்காய காப்பாத்த சுட்டேன்னா அது அதுல வராது, 3 வருசத்துல இருந்து 7 வருசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியா இருந்தா ஆயுதச் சட்டம் தனியா வரும். உயிருக்குத்தான் சுட்டேன்னு நடுராத்திரி தோட்டத்துல யாரு சாட்சி சொல்லுவா, யோசிச்சுக்கிடுங்க.

தென்காசி_டு_மொன்டானா:

நான் சொந்த ஊரு தென்காசி, இப்ப அமெரிக்காவுல மொன்டானாவுல இருக்கேன், இது கிரிஸ்லிங்கிற பெரிய பழுப்புக் கரடி உள்ள ஊரு. உங்க மச்சான் சொன்னதுல பாதி உண்மதான், இங்க கைத்துப்பாக்கி கட்டிக்கிட்டு போறவங்க இருக்காங்க, 44 மேக்னம் ரிவால்வர், 15 குண்டு புடிக்கிற 10 எம்எம் பிஸ்டல் ரெண்டும்தான் அதிகம் பேசப்படுறது, அதுலயும் நுனி விரியாத கெட்டி ஈயக்குண்டுதான் போடுவாங்க, ஏன்னா விரியுற குண்டு ஆழமா போகாது. ஆனா மீதிப் பாதிய மச்சான் சொல்லல. இங்க பார்க்குல ரேஞ்சர் யார்கிட்ட கேட்டாலும் மொதல்ல சொல்லுறது பேர் ஸ்ப்ரே, அதாவது மொளகா காரம் அடைச்ச பெரிய கேன். சாதாரண பெப்பர் ஸ்ப்ரே கெடையாது, இது ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு மேகம் மாதிரி விரிஞ்சு போகும், கரடி அதுக்குள்ள வந்து விழும், துப்பாக்கி மாதிரி துல்லியமா குறி பாக்க வேண்டிய அவசியம் இல்ல.

டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அலாஸ்கா சம்பவங்கள எடுத்து 2008ல ஸ்ப்ரே பத்தியும் 2012ல துப்பாக்கி பத்தியும் கட்டுர போட்டாங்க. கரடிகிட்ட பக்கத்துல மாட்டுன சம்பவங்கள்ல ஸ்ப்ரே வச்சிருந்த ஆட்கள்ல 98 சதவீதம் பேருக்கு காயமே இல்ல. துப்பாக்கிய பொறுத்தவரைக்கும் கைத்துப்பாக்கி 84 சதவீதம், நீளத் துப்பாக்கி 76 சதவீதம் வேல செஞ்சிருக்கு. அத வச்சு துப்பாக்கி மோசம்னு நான் சொல்ல வரல, எடுக்க நேரம் இல்லாம போனது, தவறவிட்டது, குண்டு சிக்கினது, இதெல்லாம் தோத்துப்போன சம்பவங்கள்ல இருக்கு. இங்க கரடி முழு வேகத்துல வந்தா மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல. அதாவது 15 மீட்டர ஒரே செகண்டுல தாண்டிரும். உறையில இருந்து எடுத்து, உயத்தி, குறி வச்சு, சுடணும், ஒரு செகண்டு.

அப்புறம் உங்க மச்சான் எச்1பி விசாவுல இருந்தா அவரு துப்பாக்கி வச்சிருக்கதே இங்க சட்டப்படி தப்பு, வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒரு சில விலக்குதான் உண்டு, அத அவருட்ட சொல்லிருங்க. பேர் ஸ்ப்ரேய பிளேன்ல கொண்டுவரவும் முடியாது, லக்கேஜ்லயும் விடமாட்டாங்க, ஊருக்கு வரும்போது வாங்கிட்டு வான்னு கேட்டுறாதீங்க.

மலையடி_எலுமிச்சை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 10 கிலோமீட்டர் விசயம் எனக்கு சுத்தமா தெரியாது. அப்ப ரிவால்வர் இல்லன்னா வேற என்னதான் செய்ய? ஸ்ப்ரேயும் இல்ல, துப்பாக்கியும் இல்ல, வெறுங்கையோடயா போவ?

பொதிகை_அடிவாரம்:

தம்பி, நான் வேட்டைத் தடுப்பு காவலரா பாபநாசத்துக்கு மேல பல வருசம் நடந்தவன். எங்க கையில கம்பும் வெட்டருவாளும்தான், வேற ஒண்ணும் கெடையாது. கரடிய நெறைய தடவ பாத்துருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன், பொறுமையா படிங்க.

நம்ம கரடி அமெரிக்கா கரடி மாதிரி கெடையாது. அது உங்கள தின்ன வரல, மாம்பழத்துக்கும் கரையானுக்கும்தான் வருது. அதுக்கு கண்ணு தெளிவா தெரியாது, காதும் சுமார்தான், மூக்குதான் எல்லாம். புத்துல மூஞ்சிய வச்சு ஊதி மண்ணத் தள்ளிட்டு கரையான உறிஞ்சும்போது, தண்ணி இல்லாத அடிபம்பு உறிஞ்சுத மாதிரி ஒரு சத்தம், நல்ல தூரத்துக்கு கேக்கும். மேல்வரிசையில முன்பல்லு ரெண்டு கெடையாது அதுக்கு, அந்த ஓட்ட வழியாதான் உறிஞ்சுது. அந்த சத்தத்துல நீங்க நடந்து வாரது அதுக்கு கேக்காது. காத்து உங்க பக்கம் அடிச்சா வாசனையும் போவாது. திடீர்னு பக்கத்துல ஆளப் பாத்ததும் அது ஓடாது, எந்திரிச்சு நின்னு பாயும். புலி, சிறுத்தையோட ஒரே காட்டுல வாழுத ஜாதி, மொதல்ல அடிக்கணும்ங்கிற புத்தி அதுக்கு ரத்தத்துலயே இருக்கு. நகம் ஒவ்வொண்ணும் நம்ம விரல் நீளம். நேரா மூஞ்சிக்குத்தான் வரும், கண்ணும் மூக்கும் போன ஆட்கள நான் பாத்துருக்கேன். குட்டிய முதுகுல சொமந்துக்கிட்டு வார தாய்னா கேக்கவே வேண்டாம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, இதுல ரிவால்வர் எங்க வருது? நாலஞ்சு மீட்டர்ல, இருட்டுல, நீங்களும் அதுவும் ஒரே நேரத்துல திடுக்கிடுதிய. அதனால கரடிய தடுக்குத சாமான் தேடாதிய, கரடிக்கு நீங்க வாரது முன்னாலயே தெரியுத மாதிரி செய்யுங்க. தோட்டத்துக்குள்ள நுழையுத முன்னால வேலிகிட்ட நின்னு நல்ல சத்தமா பேசுங்க, கம்பால தகரத்த தட்டுங்க. அப்பாவ தனியா அனுப்பாதிய, காது கேக்காதவுகளுக்கு அந்த உறிஞ்சுத சத்தம் கேக்காதே. நெத்தியில கட்டுத லைட்டு ஒண்ணு, கையில பெரிய டார்ச்சு ஒண்ணு, ரெண்டும் வேணும், புத்து இருக்க பக்கம், மாமரத்து அடி, புதர் ஓரம் மொதல்ல அடிச்சுப் பாத்துட்டுதான் கால எடுத்து வைக்கணும். தோண்டுன மண்ணு ஈரமா கறுப்பா இருந்தா இப்பதான் வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம், அன்னைக்கு அந்தப் பக்கமே போவாதிய. சாணியப் பாத்தாலே தெரியும், கரையான் தலையும் கொன்னை வெதையும் நாவக்கொட்டையுமா கெடக்கும்.

பாத்துட்டா ஓடாதிய, அது உங்களவிட வேகம். மரத்துல ஏறாதிய, அதுவும் ஏறும். முதுகக் காட்டாம மெதுவா பின்னால வாங்க. மேல விழுந்துட்டுன்னா குப்புறப் படுத்து ரெண்டு கையையும் பிடரியில கோத்து மூஞ்சிய மண்ணுக்குள்ள வச்சுக்கிடுங்க. முதுகுல காயம் ஆறும், கண்ணு போனா வராது. சின்ன காயம்னாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயி வெறிநாய்க்கடி ஊசி போட்டுரணும், வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்லயும் எழுதிக் கொடுக்கணும், அது இல்லாம இழப்பீடு வாங்க முடியாது.

ரெட்டைக்குழல்:

ரிவால்வர் வேண்டாம் சரி, பயிர் பாதுகாப்புன்னு சொல்லி ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு மனு போடலாமே? எங்க தாத்தா காலத்துல மலையடிவாரத்துல நெறைய வீட்ல இருந்துச்சு. இல்லன்னா தீனிக்குள்ள நாட்டுவெடி வச்சா ரெண்டு நாள்ல பிரச்சன தீரும்.

பொதிகை_அடிவாரம்:

நாட்டுவெடி பேச்சே எடுக்காதிய. வாய் கிழிஞ்ச மிருகம் உடனே சாவாது, நாள் கணக்குல பட்டினியா வெறியோட அலையும், அடுத்து யார் எதிர்ல வந்தாலும் பாயும். அந்த வெடிய மாடும் கடிக்கும், நம்ம பிள்ளைகளும் எடுக்கும். கரண்டு வேலியும் அதே கததான், கரடி சாவுதோ இல்லையோ, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போற மனுசன் சாவான். ரெண்டுக்கும் ஜெயில்.

பாளை_ஷூட்டர்:

ரெட்டைக்குழல் பத்தி ஒரு வார்த்த. ரிவால்வரவிட அதுல சக்தி ரொம்ப அதிகம், அது வரைக்கும் சரி. ஆனா பிரிவு 34 அதுக்கும் அப்படியே பொருந்தும், சம்மதம் இல்லாம லைசென்ஸ் வராது. பயிர் பாதுகாப்பு லைசென்ஸ் வச்சுக்கிட்டு கரடிய சுடவும் முடியாது. தோள்ல மாட்டிக்கிட்டு ஒரு கையில டார்ச்சும் ஒரு கையில மம்பட்டியுமா மடை திறக்கப் போறவரு அத எப்ப எடுப்பாரு? தம்பி, நீங்க ரிவால்வருக்கு ஒதுக்கி வச்ச காசு இருக்குல்லா, அதுல மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போடுங்க. உள்ள சிம் போட்டு, வீட்ல கட்டில்ல இருந்தே போன் அடிச்சா மோட்டார் ஓடும், கரண்டு வந்தாலும் போனாலும் மெசேஜ் வரும். ரிவால்வர் விலைக்கு அது ரொம்பக் கம்மி. மடை மாத்துத வேலைய மட்டும் விடிஞ்சு வெயில் ஏறுனப்புறம் ரெண்டு பேரா போயி பாத்துக்கிடலாம்.

மலையடி_எலுமிச்சை:

மொபைல் ஸ்டார்ட்டர் விசயம் எனக்கு தோணவே இல்ல. அப்பாட்ட சொன்னேன், மொதல்ல வேண்டாம்னாவ, இப்ப சரின்னுட்டாவ. கீழ விழுந்த மாம்பழத்த தெனமும் சாயந்தரமே பொறக்கி எடுத்துருதோம், புத்து இருக்க வரப்போரத்து புதரையும் நாளைக்கு ஆள் விட்டு வெட்டப் போறோம். ரேஞ்ச் ஆபீஸ்ல மனு கொடுத்தா கூண்டு வைப்பாங்களா?

பொதிகை_அடிவாரம்:

புதர வெட்டும்போது காலையில பத்து மணிக்கு மேல ஆள இறக்குங்க, பகல்ல அது படுத்துக் கெடக்கதே அந்தப் புதருக்குள்ளயாத்தான் இருக்கும், மொதல்ல தூர நின்னு தகரம் தட்டிட்டு போங்க. மனு கண்டிப்பா கொடுங்க, தனியா கொடுக்காம அக்கம்பக்கத்து தோட்டக்காரவங்களோட கையெழுத்தும் வாங்கிக்கிடுங்க, கால்தடம், தோண்டுன புத்து போட்டோவும் தேதி போட்டு சேத்து வைங்க. உடனே கூண்டு வைக்காட்டாலும் ராத்திரி ரோந்து அனுப்புவாவ, கேமராவும் வச்சுப் பாப்பாவ. தாயும் குட்டியுமா தனிக்கரடியான்னு தெரிஞ்சாத்தான் அடுத்தது என்னன்னு முடிவு பண்ண முடியும்.