29 வாரம்: ஒருக்களிச்சுப் படுத்தா இடுப்பு கடுக்குது, தலகாணி எப்படி வெக்கறதுங்க?

கொடிவேரிக்காரி கேட்டது:

வணக்கமுங்க. முதல் குழந்தை, 29 வாரம் நடக்குது. கோபி பக்கம். நாலடிக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, நடுவுல குழி விழுந்திருக்கு. மல்லாக்கப் படுக்க வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இடது பக்கம் படுத்தா ஒரு மணி நேரத்துல கீழ்ப்பக்கத்து இடுப்பெலும்பு கடுக்குது, மேல் காலோட தொடைச்சந்து சுருக்குன்னு இழுக்குது. முழங்காலுக்கு நடுவுல தலகாணி வெச்சுத்தான் படுக்கறேன், அப்பவும் வலி போகலீங்க. நடுராத்திரி நெஞ்செரிச்சல் வேற.

இடது பக்கமேதான் படுக்கணுமா? எந்திரிச்சு உக்காந்துதான் அந்தப் பக்கம் பொரளணும், இல்லாட்டிக் கொடி சுத்திக்கும்னு வீட்ல சொல்றாங்களே, நிசமா? யு வடிவத் தலகாணி வாங்கலாமா, இல்ல வீட்ல இருக்கறதை வெச்சே சமாளிக்கலாமா?

நொய்யல்கரை (பிசியோதெரபிஸ்ட்):

முழங்காலுக்கு நடுவுல வெச்சும் தொடைச்சந்து இழுக்குதுன்னா, பெரும்பாலும் தலகாணி முழங்காலோட நின்னுபோயிருக்குமுங்க. முழங்கால் மேல தூக்கி நிக்கும், கணுக்கால் கீழே தொங்கும். அப்பத் தொடையெலும்பு உள்பக்கமாத் திருகிக்கும். கர்ப்ப காலத்துல கூபக எலும்பு (இடுப்புக்கூடு) மூட்டுங்களோட தசைநார் இளகி இருக்கறதால, அந்தத் திருகல் நேரா முன்பக்கத்து மூட்டையும் பின்னால குறுக்கையும் போய் இழுக்கும்.

சாதாரணத் தலகாணி 17க்கு 27 அங்குலம். அதைக் குறுக்கே வெச்சா காலோட நீளத்துக்கு 17 அங்குலம்தான் கிடைக்கும், கணுக்கால் வெளியே போயிரும். நீளவாக்குல திருப்பி, முழங்காலுக்கு ஒரு சாண் மேல ஆரம்பிச்சுக் குதிங்கால் வரைக்கும் வர்ற மாதிரி வெச்சுப் பாருங்க. படுத்ததும் வீட்ல யாரையாவது கால்மாட்டுல நின்னு பார்க்கச் சொல்லுங்க. மேல் காலோட இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூணும் ஒரே மட்டத்துல இருக்கணும். பலருக்கு, கால் பாரம் அமுக்கினதுக்கு அப்புறமும் ஆறங்குலம் நிக்கற தலகாணி வேணும். பழைய பஞ்சுத் தலகாணி ஒண்ணு அமுங்கி மூணங்குலம் ஆயிரும், ரெண்டா வெச்சுக்குங்க.

மேல் கால் தலகாணியைத் தாண்டி முன்னால மெத்தையில சரியக் கூடாது. சரிஞ்சா வயிறும் இடுப்பும் முறுக்கிக்கும், காலையில குறுக்கு புடிச்சுக்கும்.

கீழ் இடுப்பு கடுக்கறதுக்குக் காரணம், உடம்புப் பாரம் மொத்தமும் அந்த எலும்பு முனையில விழறது. முதுகுக்குப் பின்னால, தோள்பட்டைக்குக் கீழேயிருந்து புட்டம் வரைக்கும் ஒரு தலகாணியை அண்டக்கொடுத்து அதுமேல இலேசாச் சாயுங்க. பாரம் எலும்பை விட்டுச் சதைக்கு மாறும். இந்தச் சாய்வும் ஒருக்களிச்சுப் படுக்கற கணக்குத்தான், பயப்பட வேண்டியதில்லீங்க. வயித்துக்கு அடியில ஒரு ஈரிழைத் துண்டை ரெண்டங்குல கனத்துக்கு மடிச்சு, வயிறும் மெத்தையும் சேர்ற சந்துல செருகுங்க. சந்து நிரம்பினாப் போதும், வயித்தைத் தூக்கக் கூடாது. தூக்கினா விலாவுக்குக் கீழ இழுக்கும்.

மெத்தைக் குழியை மறந்துராதீங்க. எவ்வளவு தலகாணி வெச்சாலும் குழி உடம்பை உருட்டி மல்லாக்கக் கொண்டுபோயிரும். தலைமாடு கால்மாடு மாத்திப் போடுங்க. அப்பவும் குழி இருந்தா ஜமக்காளத்தை நாலா மடிச்சு அந்த இடத்துல மெத்தைக்கு அடியில போடுங்க. மெத்தைக்கு மேல போட்டா மடிப்போட விளிம்பு இடுப்புல உறுத்தும்.

பொரளறதுக்கு: ரெண்டு முழங்காலையும் மடக்கி, நடுவுல இருக்கற தலகாணியைத் தொடையால இறுக்கிப் புடிச்சுக்குங்க. தோளு, இடுப்பு, முழங்கால் மூணும் ஒட்டுக்காத் திரும்பணும். முதல்ல ஒரு கால், அப்புறம் இன்னொரு கால்னு அகட்டித் திரும்பறப்பத்தான் அந்தச் சுருக்கு வலி வரும். பாலியஸ்டர் சேலை மாதிரி வழுக்கற துணியை இடுப்புக்கு அடியில விரிச்சா உரசல் குறையும். ஆனா கட்டில் ஓரம் வரைக்கும் விரிக்காதீங்க, எந்திரிக்கறப்ப வழுக்கி விட்டுரும்.

வார்டு_சிஸ்டர்:

கொடி விசயத்தை நான் சொல்றேன் அம்மிணி. கொடி சுத்திக்கறது குழந்தை வயித்துக்குள்ள அசையறதால. தாய் எப்படிப் பொரண்டாலும் அதுக்குச் சம்பந்தமில்ல. பெரியவங்க சொல்ற மாதிரி உக்காந்து திரும்பினா கெடுதல் ஒண்ணுமில்ல. ஆனா தொடைச்சந்து வலி இருக்கறவங்களுக்கு ராத்திரி அஞ்சாறு தடவை எந்திரிக்கறது வலியைக் கூட்டும்.

இடதா வலதான்னு கேட்டீங்க. மல்லாக்கப் படுத்தா கருப்பையோட பாரம், கால்ல இருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பற பெரிய சிரையை அமுக்குது. ரத்த ஓட்டம் குறையும், சிலருக்குத் தலைசுத்தல், வேர்வை, குமட்டல் வரும். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆய்வுகளோட தரவை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்து 2019-ல ஒரு ஆய்வு வந்தது. 28 வாரத்துக்கு மேல மல்லாக்கப் படுத்துத் தூங்கப் போறவங்களுக்குக் குழந்தை வயித்துலயே இறக்கற ஆபத்து கூடுதலா இருந்துச்சு. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியல. அதனால ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் படுங்க. ஒரே பக்கம்னு புடிவாதமாப் படுக்கறதாலதான் பாதிப் பேருக்கு இடுப்பு போகுது. முழிக்கறப்ப மல்லாக்க இருந்தாப் பதறாதீங்க, ஒருக்களிச்சுட்டுத் திரும்பத் தூங்குங்க. கண் அசர்றப்ப எந்தப் பக்கம் படுக்கறோம்ங்கறதுதான் முக்கியம். பகல்ல சாப்பிட்டுட்டுச் சித்த நேரம் சாயறப்பவும், ராத்திரி ஒண்ணுக்குப் போயிட்டு வந்து படுக்கறப்பவும் இதே கணக்குத்தான்.

நெஞ்செரிச்சலுக்கு மட்டும் இடது பக்கம் நல்லது. இரைப்பை உணவுக்குழாயோட வாய்க்குக் கீழே நிக்கும், புளிப்பு மேலே ஏறறது குறையும். தலைக்கு மூணு தலகாணி அடுக்காதீங்க. கழுத்தும் வயிறும் மடங்கி இரைப்பையை அமுக்கி எரிச்சலைக் கூட்டும். கட்டிலோட தலைமாட்டுக் காலுங்களை ஆறங்குலம் உயர்த்துங்க, உடம்பு முழுக்க ஒரே சாய்வா இருக்கும். செங்கல் வெச்சா டைல்ஸ் தரையில நகரும். நடுவுல குழி வெட்டின மரக்கட்டையை ஆசாரிகிட்டச் சொல்லி வாங்கி, அடியில ரப்பர் துண்டு ஒட்டிக்குங்க. பொழுதோட சாப்பிட்டுருங்க. படுக்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரமாவது இடைவெளி வேணும்.

தலகாணிக்கு அடங்காத விசயமும் இருக்குது. குழந்தையோட அசைவு வழக்கத்தை விடக் குறைஞ்சா விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க, வண்டி இல்லாட்டி 108. விடாத தலைவலி, கண்ணு மங்கறது, முகம் திடீர்னு வீங்கறது, மேல்வயிறு வலி வந்தாலும் அப்படித்தான். ராத்திரியில உள்ளங்கை உள்ளங்கால் தாங்க முடியாம அரிச்சா, அடுத்த செக்கப் வரைக்கும் தள்ளாம டாக்டர்கிட்டச் சொல்லுங்க. கல்லீரல் பரிசோதனை பார்க்க வேண்டியிருக்கும். ஒரு காலு மட்டும் வீங்கி வலிச்சா அது தலகாணி வெச்ச கோளாறு இல்ல, உடனே காட்டணும்.

பஞ்சுமெத்தை_பெருந்துறை:

யு வடிவம் பத்தி. அகலம் 80 சென்டிமீட்டர் வாக்குல வரும். நாலடிக் கட்டில்னா 122 சென்டிமீட்டர், பக்கத்துல இன்னொருத்தர் படுக்க முடியாதுங்க. உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, ரெண்டு பக்கமும் அணைச்சுக்கும், சித்திரை வைகாசி வெக்கையில முதுகு நனைஞ்சுரும். ராத்திரி நாலு தடவை எந்திரிக்கறவங்க ஒவ்வொரு தடவையும் தலகாணியோட ஒரு பக்கத்துக் கையைத் தாண்டி இறங்கணும். பொரளறப்ப இழுத்துட்டுத் திரியத் தேவையில்லங்கறது மட்டும் அதுல நல்ல விசயம். கோபி வெயிலுக்கு என் வாக்கு நேரா நீளமா இருக்கற உருளைத் தலகாணிக்குத்தான்.

அதைத் தைக்கறது சுலபமுங்க. அஞ்சடி நீளம், 28 அங்குல அகலத்துக்கு நெருக்கமா நெய்த மெத்தைத் துணி எடுங்க. பனியன் துணியை நேரா உறையாப் போடக் கூடாது. இலவம்பஞ்சு வழவழன்னு இருக்கும், பின்னல் கண்ணு வழியா வெளியே வந்துரும். நீளவாக்குல மடிச்சு அரை அங்குலம் விட்டுத் தச்சா, நிரப்பினதும் எட்டரை அங்குல உருளை வரும், கால் அமுக்கினா ஆறங்குலம் நிக்கும்.

நடக்கற தப்பு என்னன்னா, மொத்தத்தையும் நிரப்பிட்டு வாயை மூடிடுவாங்க. ரெண்டு வாரத்துல முழங்கால் வெக்கற இடத்துப் பஞ்சு ரெண்டு பக்கமும் ஒதுங்கி நடுவுல சப்பையாயிரும். ஒரு முனையை அடைச்சு, 20 அங்குலத்துக்கு நிரப்பி, குறுக்கே ஒரு தையல் போட்டு, அடுத்த 20 அங்குலம்னு மூணு அறையாப் பிரிங்க. கால் வர்ற அறையை அடைச்சு நிரப்புங்க, முழங்கையை ஊனினா ரெண்டங்குலத்துக்கு மேல உள்ள போகக் கூடாது. கட்டிப் புடிக்கற மேல் அறை தளதளன்னு இருக்கட்டும். நிரப்பறதுக்கு முன்ன விதையும் கட்டியும் பொறுக்கி எடுத்துருங்க. பஞ்சு தூசிக்குத் தும்மல், இளைப்பு வர்றவங்க அந்தப் பக்கமே இருக்க வேண்டாம், வேற ஆளை விட்டு நிரப்பச் சொல்லுங்க. மேல ரெண்டு பருத்தி உறை மாத்தி மாத்தித் துவைங்க. தலகாணியைத் தண்ணியில போட்டுராதீங்க, பஞ்சு கட்டியாயிரும். வாரம் ஒரு தடவை வெயில்ல போட்டுத் தட்டினா உப்பி வந்துரும்.

கொடிவேரிக்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க. நாளைக்கே அளவு கொடுத்துடறேன். ஒண்ணே ஒண்ணு, வெடியால எந்திரிக்கறப்பக் கீழ்க்கை விரலெல்லாம் மரத்துப் போயிருக்குது. அதுக்கும் தலகாணிதானுங்களா?

நொய்யல்கரை:

பாதி தலகாணி, பாதி மணிக்கட்டுங்க. தலைத் தலகாணி தாழ்வா இருந்தா தோள் நசுங்கும். தோளைத் தலகாணி மேல ஏத்தாம மெத்தையில வெச்சு, காதுக்கும் மெத்தைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி அளவுக்குத் தலகாணி கனம் இருக்கணும். கீழ்க்கையைத் தலைக்கு அடியில கொடுக்காம முன்னால நீட்டி விடுங்க. கர்ப்பத்துல மணிக்கட்டுல நீர் கோத்து நரம்பை அமுக்கறதும் உண்டு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்தா அதுதான். கையை மடக்கித் தூங்காம இருக்க, ஈரிழைத் துண்டை மணிக்கட்டுல தொளதொளன்னு சுத்திக்கலாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். ஒரு வாரத்துல குறையலைன்னா மணிக்கட்டு நேரா நிக்கற பட்டை போட்டுக்கலாம். அதையும் அடுத்த செக்கப்ல காட்டி, உங்க கைக்குச் சரியான அளவாக் கேட்டு வாங்குங்க.