ஜிப்ஸி கிளட்ச் ஏத்தத்துல ஸ்லிப் ஆகுது, வீட்டிலேயே மாத்த முடியுமா?

மிளகுக்கொடி:
வண்டி 2006 மாருதி ஜிப்ஸி ஜீப், 1.3 எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் எஞ்சின். தாண்டிக்குடி பக்கம் தோட்டத்துக்குப் போய்வர வச்சிருக்கேன். சித்தரேவு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் மூணாவது கியர்ல மிதிச்சா எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்குது. கருகின வாடை வேற. போன மாசம் ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். கேபிளை டைட் பண்ணி அனுப்பிட்டாங்க. ரெண்டே நாள்ல முன்னைவிட மோசம். வீட்டு முன்னாடி சிமென்ட் தரை, ரெண்டு ஜாக்கி, ஸ்பேனர் செட், கூட மச்சான் இருக்கான். இதுவரை கியர்பாக்ஸ் இறக்கினதில்லை. நாங்களே பண்ணிடலாமா?

பழைய ஸ்பேனர்:
தம்பி, ஸ்லிப் ஆகிற கிளட்ச்சுக்குக் கேபிளை டைட் பண்றது எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்துற வேலை. ஃப்ரீ பிளே (பெடல்ல இருக்க வேண்டிய லூஸ்) போயிடும், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிச்சா கிளட்ச்சைப் பிரிக்கிறது) எப்பவும் அழுத்திக்கிட்டே இருக்கும், கிளட்ச் பிளேட் முழுசா கவ்வாது. பெடலைக் கையால அமுக்கினா 20-30 மி.மீ. லூஸா இறங்கணும். இல்லைன்னா கேபிளோட கியர்பாக்ஸ் பக்க நட்டை லூஸ் பண்ணுங்க. அப்புறம் சமதளத்துல ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வச்சு, மூணாவது கியர்ல கிளட்ச்சை மெதுவா விடுங்க. எஞ்சின் அணைஞ்சா பிளேட்ல இன்னும் பிடி இருக்கு. அணையாம ஓடினா கதை முடிஞ்சது.

மிளகுக்கொடி:
அணையலைண்ணா. புகைதான் வந்துச்சு.

பழைய ஸ்பேனர்:
அப்ப இறக்கிட வேண்டியதுதான். ஜிப்ஸில டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) தனியா தொங்குது, அதைத் தொட வேண்டாம். அந்த வகையில புண்ணியம். பேட்டரி நெகட்டிவ், கியர் லீவர், கியர் ஆயில், கியர்பாக்ஸுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவுல இருக்கிற குட்டி ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், கிளட்ச் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர் எல்லாம் கழட்டுங்க. ஷாஃப்ட் ஃப்ளாஞ்சுல (போல்ட் போட்டுச் சேர்க்கிற வட்டத்துல) பெயின்ட்ல கோடு போட்டுக்கங்க, திரும்ப அதே இடத்துல சேரணும். எஞ்சினுக்கு அடியில மரக்கட்டை வச்சு ஒரு ஜாக்கி, கியர்பாக்ஸுக்கு இன்னொண்ணு. வண்டி மட்டும் ஸ்டாண்டு மேலதான் நிக்கணும். ஹாலோ பிளாக்கை நம்பி அடியில படுக்காதீங்க, அது சொல்லாம கொள்ளாம உடையும்.

நாலுசக்கரம்:
செட்டா வாங்குங்க ப்ரோ: பிளேட், அதை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். ஃப்ளைவீல் (எஞ்சின் பின்னாடி சுத்துற கனமான சக்கரம்) நடுவுல, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்குற பைலட் பேரிங்கும் சேர்த்து. நான் அதை மிச்சம் பிடிச்சு, அதுக்காகவே திரும்ப இறக்கினவன். உள்ள இருக்கிற தூசிக்கு ஏர் அடிக்காதீங்க, பழைய பிளேட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணிதான்.

மிளகுக்கொடி:
இறக்கிட்டோம். காலைல ஆரம்பிச்சது, சாயங்காலம் ஆயிடுச்சு. பிளேட் ரிவெட் தலை வரைக்கும் தேஞ்சிருக்கு, நகத்தால தடவினா பள்ளமே தட்டுப்படல. ஃப்ளைவீல்ல நீலமா திட்டுத்திட்டா கறை. ஒரு பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. எங்கிருந்து வருது இது?

பழைய ஸ்பேனர்:
விரல்ல தொட்டு மோந்து பாருங்க. கறுப்பா, தண்ணியா இருந்தா எஞ்சின் ஆயில். கிராங்க் பின்பக்க சீல் போயிருக்கு. கெட்டியா, அழுகின முட்டை மாதிரி மூக்கைத் துளைச்சா கியர் ஆயில்; இன்புட் ஷாஃப்ட் சீல். எதுவானாலும் இப்பவே மாத்துங்க, விட்டா புதுப் பிளேட்டையும் அது தின்னுடும். நீலக் கறை சூட்டுல வந்தது. வெடிப்பு இல்லைன்னா லேத்ல லேசா முகம் பிடிச்சா (சீவிச் சமமாக்கினா) போதும். ஃப்ளைவீல் கழண்டிருக்கும்போதே பைலட் பேரிங்கைப் பின்பக்கமிருந்து தட்டி எடுத்துடுங்க.

பிளேட்ல ஸ்பிரிங் துருத்துற பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கணும். சென்டர் பண்ண டூல் இல்லைன்னா விளக்குமாத்துக் கட்டை போதும். நுனியை பைலட் பேரிங் ஓட்டைக்குச் சீவுங்க. பிளேட் நிக்கிற இடத்துல ஆடாம பிடிக்கிற வரைக்கும் இன்சுலேஷன் டேப் சுத்துங்க. பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ஸ்ப்லைன்ல (இன்புட் ஷாஃப்ட் பல்லுல) கிரீஸ் மெல்லிசா, சந்தனம் தொட்டு வைக்கிற மாதிரி.

மிளகுக்கொடி:
கியர் ஆயில்தான். மோந்துட்டு மச்சான் சோறே வேண்டாங்கிறான். சீல் மாத்தியாச்சு, வத்தலக்குண்டுல லேத் வேலையும் முடிஞ்சது. இப்ப கியர்பாக்ஸ் அரை இஞ்ச் பாக்கியில நின்னுடுச்சு. போல்ட்டைப் போட்டு இழுத்துடவா?

பழைய ஸ்பேனர்:
ஐயோ வேண்டாம், பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடுற கியர்பாக்ஸ் முன்கூடு) காது உடைஞ்சிடும். பிளேட் மேல வெயிட்டைத் தொங்கவும் விடாதீங்க, ஹப் வளைஞ்சிடும். நாலாவது கியர் போட்டு, பின்பக்க ஃப்ளாஞ்சைக் கையால லேசா திருப்புங்க, பல்லு பல்லோட சேரும். அப்பவும் போகலைன்னா இடைவெளியைச் சுத்திப் பாருங்க. மேல அகலம், கீழ குறைச்சல்னா கியர்பாக்ஸ் வால் தொங்குதுன்னு அர்த்தம்.

மிளகுக்கொடி:
வால்தான்! ஜாக்கியை ரெண்டு அழுத்து அழுத்தினதும் டொக்குனு உள்ள போச்சு. இன்னிக்கு நாலு மூட்டை உரத்தோட ஏறினேன், மூணாவது கியர்லயே இழுக்குது.

பழைய ஸ்பேனர்:
புதுப் பிளேட்டுக்கு முதல் நாளே நாலு மூட்டையா? ஒரு 500 கி.மீ. வரைக்கும் ஏத்தத்துல ஹாஃப் கிளட்ச்சுல நிறுத்தி வச்சு விளையாடாதீங்க. கியர் ஆயில் ஊத்தினீங்கல்ல?

மிளகுக்கொடி:
ஊத்தியாச்சுண்ணா. ஆனா ரிவர்ஸ் லைட் எரியலையே, ஃபியூஸா?

நாலுசக்கரம்:
ஒயர் மாட்டினீங்களா ப்ரோ?

மிளகுக்கொடி:
திரும்ப அடியில படுக்கப் போறேன்.