குளிர்காலக் கல்யாணம், அந்தி வெளிச்சம்: முகம் மங்கல், தோல் நீலம். என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தைப் படம் எடுக்கிறேன். திறந்த வெளி, தரையெல்லாம் பனி. சடங்கு முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது சூரியன் மறைய அரை மணி நேரம்தான் இருக்கும். நேற்று அதே நேரத்தில் நண்பர்களை நடக்கவிட்டுச் சோதித்துப் பார்த்தேன். ஃபுல் ஃபிரேம் கேமரா, ஸ்டெபிலைசேஷன் உள்ள 24-70 எஃப் 4 லென்ஸ் (எஃப் எண் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்), ஒரு ஃப்ளாஷ். 50 எஃப் 1.8 லென்ஸ் பையிலேயே இருந்தது. நாய்ஸுக்கு, அதாவது படத்தில் வரும் புள்ளிகளுக்கு, பயந்து ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600-இல் நிறுத்தினேன். ஷட்டர் 1/30 நொடி வரை இறங்கி, படத்தில் ஆட்கள் மங்கலாக இழுபட்டுவிட்டார்கள். ஃப்ளாஷ் போட்டால் முகம் வெளுத்துப் பின்னணி கறுப்பாகிறது. போடாவிட்டால் தோல் நீலம், பனி சாம்பல். எதை முதலில் சரிசெய்வது?

பதில் 1:
ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும், நடப்பவர்களை நிறுத்தாது. நடை என்றால் குறைந்தது 1/125 வேண்டும். அந்த 50-ஐ வெளியே எடுங்கள். எஃப் 4-இலிருந்து 1.8-க்குப் போனாலே 1/30 என்பது ஏறக்குறைய 1/150 ஆகிவிடும். ஐஎஸ்ஓ 6400-க்குத் தயங்காதீர்கள். குறைவான எக்ஸ்போஷரில், அதாவது இருட்டாக, எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் தூக்கினால் நிழல் பகுதிகளில் வரும் நாய்ஸ் இதைவிட மோசம். நாய்ஸைக் குறைக்க வழி உண்டு, இழுபட்ட முகத்துக்கு இல்லை.

பதில் 2:
சரிதான், ஆனால் குடும்பப் படத்துக்கு 1.8 வேண்டாம். 3 மீட்டரில் 50 லென்ஸுக்கு ஃபோகஸ் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) சுமார் 40 சென்டிமீட்டர். இரண்டு வரிசை நின்றால் பின்வரிசை போச்சு. எஃப் 4 தேவை, அதற்கு வெளிச்சம் வேண்டும். என்னைக் கேட்டால் உங்கள் பிரச்சினை கேமராவில் இல்லை, யாரை முதலில் எடுப்பது என்ற வரிசையில் இருக்கிறது. வெளியே வந்ததும் முதலில் குடும்பப் படங்களை முடியுங்கள். ஆட்களைக் கூட்டிவர உறவினர் ஒருவரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள், எப்படியும் யாராவது ஒருவர் காணாமல் போவார். மணமக்களைக் கடைசிக்கு வையுங்கள். இரண்டே பேர், அசையாமல் நிற்பார்கள், 1.8 போதும். மேற்கு வானத்தைப் பார்த்து நிற்க வையுங்கள். சூரியன் போன பிறகும் அங்கேதான் வெளிச்சம் அதிக நேரம் தங்கும். ஆனாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது பாதியாகும். எல்லாவற்றையும் நீங்களே அமைக்கும் மேனுவலில் இருந்தால் அடிக்கடி ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பாருங்கள்.

பதில் 3:
நிறத்துக்கு வருகிறேன். வானத்து வெளிச்சம் மட்டும் விழும்போது தோல் நீலமாகத்தான் தெரியும். ரா-வில் (பிறகு நிறத்தை மாற்ற இடம் தரும் கோப்பு வகை) எடுங்கள், கேமராவின் நிற அமைப்பான வெள்ளைச் சமநிலையை 7000 கெல்வின் பக்கம் வையுங்கள். பனி சாம்பலாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் வேலை. வெள்ளையைக் கண்டால் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். படத்தை வெளிச்சமாக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 முதல் +2 வரை ஏற்றுங்கள்.

ஃப்ளாஷ் போடும்போது முதலில் பின்னணிக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், நிஜத்தைவிட ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) இருட்டாக. அதற்குப் பிறகு ஃப்ளாஷைக் குறைந்த பவரில் சேருங்கள். ஃப்ளாஷ் போட்டதும் ஷட்டர் வேகமாகி, அந்த 1600 ஐஎஸ்ஓவில் பின்னணிக்கு வெளிச்சம் போதாமல் கறுத்திருக்கலாம். ஃப்ளாஷை மேலே திருப்பி, கூரையில் பட்டுத் திரும்பும்படி பவுன்ஸ் செய்ய வெளியில் கூரையும் இல்லை. ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். பனி பெய்தால் இது கட்டாயம். கேமரா மேலேயே இருந்தால் லென்ஸுக்கு அருகில் விழும் துகள்கள் பெரிய வெள்ளைப் பொட்டுகளாக முகத்தை மறைக்கும். ஃப்ளாஷ் முன் ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) ஒட்டினால் தோல் சூடான நிறத்தில் இருக்கும், வானம் நீலமாகவே நிற்கும். அந்த நேரத்தின் அழகே அதுதான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஐஎஸ்ஓ 6400-இல் இன்று முயன்றேன், நான் பயந்த அளவு இல்லை. ஆனால் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது. பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிட்டது.

பதில் 2:
நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள். கன்னத்தில் வைக்காமல் கண் இமை, கோட்டின் ஓரம் என்று கோடு தெரியும் இடத்தில் பிடியுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள் பாக்கெட்டில் வைத்திருங்கள். தீர்ந்ததாகக் காட்டியது சூடானால் இன்னும் கொஞ்சம் ஓடும்.

பதில் 1:
அடுத்து மண்டபத்துக்குள் போவீர்கள் அல்லவா? குளிர்ந்த கேமராவை அப்படியே உள்ளே கொண்டுபோனால் கண்ணாடி வியர்த்துவிடும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி எடுத்துப் போங்கள், ஈரம் பையின் மேல் படியும். மெமரி கார்டை முன்பே கழற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
எவ்வளவு நேரம் பையில் இருக்க வேண்டும்? உள்ளே போன உடனே விருந்து.

பதில் 1:
அரை மணியாவது ஆகும், குளிர் கடுமையாக இருந்தால் இன்னும் கூட. இரண்டாவது கேமரா ஒன்றை இரவல் வாங்கிக் காலையிலிருந்தே மண்டபத்துக்குள் வைத்துவிடுங்கள். உள்ளே எல்இடி விளக்கு என்றால் படத்தில் பட்டை பட்டையாக வருகிறதா என்று முன்பே பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/125 வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.